விடைக்குறிப்பில் இல்லாத முதலை

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஓடைகளெல்லாம் நின்றுபோகும். ஒரே ஒரு பேச்சு மட்டும் நிற்காமல் ஓடும். “இந்த வருடம் மலைப் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளைக்கு இடம்?”

மலைப் பள்ளியை நடத்தியது யானை. பள்ளிக்குப் பக்கத்திலேயே வற்றாத ஏரி. இடம் கிடைத்த பிள்ளை குடும்பத்தோடு ஏரிக்கரையில் குடியேறலாம். கிடைக்காதவர்கள் மழை வரும்வரை சேற்றை நக்க வேண்டியதுதான். அதனால் நுழைவுத் தேர்வு என்றாலே காடு முழுவதற்கும் காய்ச்சல் கண்டுவிடும்.

ஊருக்கே காய்ச்சல் என்றால் யாராவது மருந்துக்கடை போடாமல் இருப்பார்களா, பிள்ளைகளே? நரியார் போட்டார். ஆலமரத்தடியில் பயிற்சி வகுப்பு ஆரம்பமானது.

செவியன் என்ற முயல்குட்டியை அவன் அம்மா அங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். உண்மையைச் சொன்னால் செவியனுக்குப் பயிற்சியே தேவையில்லை. சருகு அசைந்தால், அசைத்தது காற்றா பாம்பா என்று சொல்லிவிடும் காது அவனுக்கு. அம்மாவின் கவலையே அதுதான்.

“சார், எப்போது பார்த்தாலும் காதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். படிப்பில் கவனமே இல்லை.”

“கவலையை விடுங்கள், அம்மா. மடித்துக் கட்டிவிடலாம்,” என்றார் நரியார். அப்போதே ஒரு கொடியை எடுத்து இறுக்கிக் கட்டியும் விட்டார்.

நரியாரின் பாடம் ரொம்பச் சுருக்கம். தேர்வில் எப்போதும் மூன்று குட்டைகள் வரும். ஒன்றில் முதலை, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் வெறும் சேறு. முந்தைய வருடங்களின் விடைகளை அவர் எப்படியோ திரட்டி வைத்திருந்தார்.

“இடதில் முதலை, நடுவில் தண்ணீர், வலதில் சேறு! எங்கே, எல்லாரும் சொல்லுங்கள்!”

பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கத்தின. செவியன் தூக்கத்தில்கூடக் கத்தினான். ஆனால் ஒரு நாள் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“சார், முதலைக்குக் கால் இருக்கிறதே. அது வேறு குட்டைக்குப் போய்விட்டால்?”

நரியார் முறைத்தார். “உன் ரேங்க் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது என்று இப்போது தெரிகிறது. யோசிக்கிற பிள்ளைக்குத் தேர்வில் நேரம் போதாது, தம்பி. நம் பாடத்திட்டத்தில் முதலைக்குக் கால் கிடையாது.”

வகுப்பே சிரித்தது. செவியன் வெட்கத்தில் குன்றிப்போனான். அதற்குப் பிறகு அவன் யோசிக்கவே இல்லை. மாதிரித் தேர்வுகளில் எல்லாம் அவனே முதலிடம். அம்மா ஏரிக்கரையில் வளை தோண்ட இடம்கூடப் பார்த்துவிட்டு வந்தாள்.

தேர்வு நாள் வந்தது.

“குழந்தைகளே, அவசரமே வேண்டாம்,” என்றார் யானை டீச்சர். “நன்றாகப் பாருங்கள், கேளுங்கள், மோந்து பாருங்கள். எது நல்ல தண்ணீரோ அதைக் குடித்துவிட்டு வாருங்கள்.”

முதலில் ஒரு காட்டுப்பன்றிக்குட்டி போனது. எந்த வகுப்புக்கும் போகாத பிள்ளை. கரையில் நின்று உற்றுப் பார்த்தது, மூக்கை நீட்டி மோந்தது, இடது குட்டையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

“தேர்ச்சி!” என்றார் யானை டீச்சர்.

‘ஐயோ பாவம், டீச்சருக்கே விடை தெரியவில்லை,’ என்று நினைத்துக்கொண்டான் செவியன். நேராக நடுக்குட்டைக்கு நடந்தான்.

அங்கே முதலை வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது. செவியன் தயங்கி நின்றான். அவன் கால்கள் ஓடத்தான் துடித்தன. ஆனால் முதலிடம் வாங்கிய பிள்ளை ஓடலாமா?

“ஐயா, நீங்கள் தப்பான குட்டையில் படுத்திருக்கிறீர்கள்,” என்றான்.

முதலை ஒரு கண்ணைத் திறந்தது. “அப்படியா, தம்பி?”

“ஆமாம். விடைக்குறிப்பின்படி நீங்கள் இடதில் இருக்க வேண்டும். இங்கே இருப்பது நல்ல தண்ணீர்.”

“அடடா, என்னிடம் யாருமே சொல்லவில்லையே! நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன். கொஞ்சம் கிட்டே வந்து இன்னொரு தரம் சொல்லேன். எனக்குக் காது மந்தம்.”

செவியனுக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீரில் இறங்கி, முதலையின் வாய்க்கு முன்னால் விறைப்பாக நின்று ஒப்பித்தான்: “இடதில் முதலை, நடுவில் தண்ணீர்...”

சேறு வரைக்கும் முதலை பொறுக்கவில்லை. சடாரென்று வாய் மூடியது.

யானை டீச்சர் பாய்ந்து வந்து தும்பிக்கையால் இழுத்ததால் செவியன் பிழைத்தான். ஒரு காது மட்டும், கட்டிய கொடியோடு சேர்ந்து, முதலையிடம் போய்விட்டது.

“முதலையைப் பார்க்கவில்லையா?” என்று கேட்டார் டீச்சர்.

“பார்த்தேன்.”

“வாயைத் திறந்து வைத்திருந்ததே?”

“அதையும் பார்த்தேன். பல்லெல்லாம் நன்றாகத் தெரிந்தது.”

“பிறகு ஏனடா போனாய்?”

“விடைக்குறிப்பில் இல்லையே!” என்று தேம்பினான் செவியன். “இது பாடத்திட்டத்திலேயே இல்லாத முதலை, டீச்சர். எனக்குக் கருணை மதிப்பெண் போட வேண்டும்!”

“உயிரோடு நிற்கிறாயே, அதுதான் கருணை மதிப்பெண். வீட்டுக்குப் போ.”

அம்மாவும் பிள்ளையும் அழுதுகொண்டே பழைய சேற்றுக்குத் திரும்பினார்கள். மறுநாள் இருவரும் ஆலமரத்தடிக்குப் போனபோது அங்கே பெரிய படம் ஒன்று தொங்கியது. படத்தில் காட்டுப்பன்றிக்குட்டி சிரித்தது. கீழே, “மலைப் பள்ளியில் எங்கள் மாணவி!” அந்தக் குட்டி எப்போதோ ஒரு நாள் வெயிலுக்கு அந்த மரத்தடியில் நின்றதாம்.

“சார், என் பிள்ளைக்கு ஒரு காது போய்விட்டது!” என்று அலறினாள் அம்மா.

“கவனச் சிதறல் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள், அம்மா,” என்றார் நரியார். “இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறது. விடைக்குறிப்பையும் திருத்திவிட்டேன்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. மிச்சமிருந்த காதை அவளே பிடித்துக் கொடுக்க, நரியார் கட்டினார்.

“நடுவில் முதலை, இடதில் தண்ணீர், வலதில் சேறு! எங்கே, சொல்லுங்கள்!”

முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட உரக்கக் கத்தினான் செவியன்.

அந்தச் சத்தம் குட்டைவரைக்கும் கேட்டது. முதலை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, இடது குட்டைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

நீதி: விடையை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு, கேள்வியே எதிரில் வந்து வாயைத் திறந்தாலும் தெரியாது.