எந்தத் தேதி?

ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் மேனேஜர் சிகாமணி புது உத்தரவு போட்டார். மாதவிடாய் நாட்களில் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண்கள், அந்தத் தேதியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலை வாசலில் ஒட்டுவார்களாம்.

பெண்கள் கூசிப்போனார்கள். வேலை போய்விடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

முதலாளி வந்த அன்று, தரை கூட்டும் மாரித்தங்கம் வெற்றுத் தாளோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“சார், எந்தத் தேதியை எழுதணும்? எனக்கு விளங்கல.”

“அதான்... உங்க தேதி.”

“பிறந்த தேதியா?”

“இல்லம்மா. அந்த... மாசாமாசம்...”

“சம்பளத் தேதியா சார்?”

சிகாமணி முதலாளியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாரித்தங்கம் நிதானமாகச் சொன்னாள்: “நாலு பேர் முன்னாடி உங்களால ஒரு தடவை வாயால சொல்ல முடியல. அதை நாங்க அறுபது பேரும் பேரோட எழுதி வாசல்ல ஒட்டணுமா?”

 முதலாளி அவளிடமே கேட்டார்: “என்னம்மா செய்யணும்?”

“காரணம் கேக்காம போக விடுங்க. உள்ள தண்ணியும் நாப்கினும் வைங்க.”

அன்றே உத்தரவு ரத்தானது. மறுவாரமே தண்ணீரும் நாப்கினும் வந்தன. நாப்கின் தீரும்போதெல்லாம் ‘மாதவிடாய் நாப்கின்’ என்று தன் கையால் எழுதிக் கடைக்கு அனுப்பும் வேலை சிகாமணிக்கு வந்து சேர்ந்தது.