மன்னர் மல்லாடிய கதை

முதல் அநியாயம், வெண்குன்றூர் அரச கலாசாலையில் மல்லாடும் மாணவர்களின் சோற்றில் நெய்யை நிறுத்தினார்கள். அரசவை விகடர் மருதவாணர் சபையில் சீறினார். அவர் இலையிலும் நெய் நின்றுபோனது. அடுத்து, களத்தில் பல் போனால் அது மாணவன் பாடு என்றார்கள். மருதவாணர் ஓலையில் கண்டனம் எழுதினார். அரண்மனைப் பிள்ளைகள் அதில் காற்றாடி செய்து ஓடினார்கள். மூன்றாவதாக, மற்போர் பார்க்க வந்தவர்களின் காசில் கலாசாலைத் தலைவர் சாரங்கபாணியார் வீட்டுக்கு மாடி எழும்பியது. மருதவாணர் உண்ணாவிரதம் இருந்தார். உச்சிவேளையில் மடைப்பள்ளியிலிருந்து வடை வாசம் வந்தது. போராட்டம் வெற்றிகரமாக ஒத்திவைக்கப்பட்டது.

நான்காவது, மாணவன் வேம்பனின் முழங்கால். பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. அன்று மாலையே அண்டை நாட்டு மல்லனோடு மோத வேண்டும்.

"இந்தக் கால் போச்சுன்னா ஏர்கூடப் பிடிக்க முடியாது ஐயா. வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போகணும்."

"கவலைப்படாதே தம்பி. மன்னரிடம் நான் பேசுகிறேன்."

"நீங்களா?" வேம்பன் இன்னும் கலங்கிப்போனான்.

மல்லாடும் மாணவர்களுக்குச் சம்பளம் கேட்டு மூன்று பகுதிகளாகத் தயாரித்த உரையோடு மருதவாணர் மன்னர் பராங்குசர் முன் நின்றார். "உழைப்பவன் வியர்வை..."

"சம்பளம்தானே? கிடையாது," என்றார் மன்னர்.

"மாணவனுக்குக் கல்வியே கூலி. காசைக் காட்டினால் படிப்பு கெடும்," என்றார் சாரங்கபாணியார்.

"மாடி கட்டிய பிறகு உமக்கு எவ்வளவு கெட்டது?" என்றார் மருதவாணர்.

"கேளும் மருதவாணரே," மன்னர் கையமர்த்தினார். "என் சோறு, என் கலாசாலை. அவன் மோதினால் மோதுவது நான். களத்தில் கூவுவதும் என் பெயரைத்தான். எனக்கு நானே சம்பளம் கொடுப்பேனா?"

மருதவாணருக்கு உரை முழுவதும் மறந்துபோனது. அதுவே நல்லதாயிற்று.

"ஒத்துக்கொள்கிறேன், அரசே."

அவர் வாயில் அதுவரை வராத சொல். சபையே திகைத்தது.

மாலையில் அண்டை நாட்டு மன்னர் பரிவாரத்தோடு வந்து அமர்ந்தார். அவருடைய மல்லன் எருமைக்கடா போல் நின்றான். வேம்பன் நொண்டிக்கொண்டு வந்தான்.

அந்தக் களத்தில் ஒரு வழக்கம். மோதுமுன் சாட்சிகள் எதிரில் கட்டியக்காரன் மோதுபவரின் பெயரைக் கூவுவான். கூவிய பெயரை மாற்ற முடியாது. முடிவில் அதே பெயரோடு 'வென்றார்' என்றோ 'மண் கவ்வினார்' என்றோ சேர்ப்பார்கள். வெண்குன்றூர் தோற்றதே இல்லை. அதனால் இரண்டாவதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

மருதவாணர் மன்னரின் காதருகே குனிந்தார். "கட்டியக்காரன் இரண்டையும் ஒத்திகை பார்க்கிறான், அரசே. 'மன்னர் பராங்குசர் மண் கவ்வினார்' என்னும்போது குரல் கணீரென்று வருகிறது."

மன்னர் வேம்பனின் காலைப் பார்த்தார். எருமைக்கடாவைப் பார்த்தார்.

"ஐயய்யோ, என் பெயர் வேண்டாம்!"

"அப்படியானால் மோதுவது தாங்கள் இல்லையா?"

"நான் இல்லவே இல்லை! அதோ, அவன்தான்!"

"தங்களுக்காக இன்னொருவன் அடிவாங்கினால் அவனுக்கு..."

மன்னர் ஒரு கணம் விறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சம்பளம் உண்டய்யா! வென்றாலும் உண்டு, விழுந்தாலும் உண்டு, கால் தேறும்வரை படுத்திருந்தாலும் உண்டு. எல்லா மல்லர்களுக்கும்!"

சாரங்கபாணியார் தண்ணீர் கேட்டார்.

"இறங்குகிறாயா தம்பி? கட்டாயமில்லை," என்றார் மருதவாணர்.

"இப்பக் கூவுறது என் பேராச்சே ஐயா. இறங்குறேன்."

"உமக்கு என்ன பரிசு வேண்டும், மருதவாணரே?" என்றார் மன்னர்.

"நான் ஜெயித்ததே இல்லை, அரசே. பழக்கமில்லாததால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. கூவும் வேலையை மட்டும் இன்று எனக்குக் கொடுங்கள்."

மருதவாணர் மேடையேறினார். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையைச் செருமினார். இரு நாட்டுச் சாட்சிகளும் எழுந்து நின்றார்கள்.

"களத்தில் இறங்குபவன், சம்பளம் வாங்கும் மல்லன், அல்லியம்மை மகன் வேம்பன்!"