மருதியின் கீறல்

செம்பன் ஒரு மலை அணில். அந்தக் காட்டில் யார்மேல் குற்றம் வந்தாலும், தலைவர் கொம்பன் யானையின் முன்னால் நின்று அவர்களுக்காக வாதாடுவது அவன்தான். பேச்சில் கெட்டிக்காரன். பொறுமைதான் குறைவு.

ஒரு நாள் காட்டுக்கோழியின் கூட்டில் நான்கு முட்டைகள் காணாமல் போயின. பழி மருதி என்ற மரநாயின்மேல் விழுந்தது. அவள் அந்தப் பக்கம் போனதைக் கோழி பார்த்திருந்தது. ஈச்சம்பழம் தின்னப் போனதாகவும், முட்டையைத் தொடவே இல்லை என்றும் மருதி செம்பனிடம் அழுதாள்.

கூட்டைப் போய்ப் பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். ஈர மண்ணில் உடும்பு வாலை இழுத்துப்போன தடம் இருந்தது. ஆனால் அன்று ஆற்றங்கரையில் அத்தி பழுத்திருந்தது. செம்பனுக்கு மனசெல்லாம் அங்கே.

"ஒத்துக்கொண்டுவிடு மருதி," என்றான். "மறுத்தால் விசாரணை பௌர்ணமிவரை இழுக்கும். அதுவரை உன்னைக் குகையில் அடைத்துவைப்பார்கள். குட்டிகள் என்ன ஆகும்? ஒத்துக்கொண்டால் மரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஐந்து மழைக்காலம் போனால் அதையும் அழித்துவிடலாம். நான் இருக்கிறேன்."

குட்டிகளை நினைத்து அவள் தலையாட்டினாள். கொம்பன் தந்தத்தால் வேங்கை மரத்தில் அவள் பெயரால் ஒரு கீறல் போட்டார். மரத்தின் சிவந்த பிசின் ரத்தம்போல வழிந்து உறைந்தது.

அதன்பின் காட்டில் எது தொலைந்தாலும் முதலில் மருதியைத்தான் கூப்பிட்டு விசாரித்தார்கள். முயல் சேர்த்துவைத்த அருகம்புல் காணோம் என்றாலும் மருதிதான். மரநாய் புல் தின்னுமா என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஐந்து மழைக்காலமும் போயிற்று. கீறல் தானாக அழியாது. யாராவது கொம்பனிடம் போய்க் கேட்க வேண்டும். அது மருதிக்குத் தெரியாது. செம்பனுக்குத் தெரியும். ஆனால் மறந்துபோனான். வழியில் கண்டால், "என் கீறல் போயிருக்குமா அண்ணா?" என்று அவள் கேட்பாள். போயிருக்கும், போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவன் அடுத்த கிளைக்குத் தாவிவிடுவான்.

ஏழாம் வருஷம் மழை பொய்த்தது. மடுவில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சியது. கீறல் உள்ளவர்கள் அதில் வாய் வைக்கக் கூடாது என்று கொம்பனின் சபை முடிவு செய்தது. மருதி வந்தபோது காவல் நின்ற காட்டெருமை வழிமறித்தது. அந்த வருஷம் ஈன்ற மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, மலைக்கு அப்பால் ஊற்றுத் தேடிப் போய்விட்டாள்.

செய்தி கேட்ட செம்பன் பதறியடித்துக் கோழியிடம் ஓடி, அன்று கூட்டருகே என்ன கண்டாய் என்று கேட்டான். உடும்பின் தடத்தைக் கோழி மறுநாளே பார்த்திருந்தது. தன்னை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றது. இருவரும் கொம்பன் முன்னால் போய் நின்றார்கள். அவர் கேட்டு முடித்ததும், மருதி குற்றமற்றவள் என்று சொல்லிக் கீறல் இருந்த பட்டையை உரித்துப் போட்டார். அரை நாழிகையில் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கா ஏழு வருஷம் என்று செம்பன் தன்னையே நொந்துகொண்டான்.

மலை தாண்டிப் போய் அவளைக் கண்டுபிடித்தான். ஊற்றருகே இரண்டு குட்டிகள்தான் இருந்தன. மூன்றாவதைத் தேடி ஊற்றைச் சுற்றிப் பார்த்தான். அது இல்லை.

"கீறலை அழித்தாயிற்று, மருதி. வீட்டுக்கு வா," என்றான்.

மருதி குட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் செய்யவில்லை என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னேனே அண்ணா," என்றாள். குரலில் கோபமில்லை. "இங்கே என்னைக் கண்டால் யாரும் முட்டையை எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம்."

செம்பன் தனியாகத் திரும்பினான். பிறகு எந்த வழக்கு வந்தாலும், முதலில் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தான். மருதிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பழியைப் பிறகு துடைத்துவிடலாம், ஆனால் அந்தப் பழி தின்ற நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது.