கேள்வி நேரம்

பெருந்தொற்றில் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தபோது, புள்ளியியல் பேராசிரியை வடிவாம்பிகை தன் வகுப்பைத் தலைகீழாக்கினாள். பாடத்தைப் பேசிப் பதிவுசெய்து முந்தைய நாளே அனுப்பிவிடுவாள். மாணவர்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும். இணையத்தில் கூடும் நேரம் முழுவதும் கேள்விக்கும் விவாதத்துக்கும்தான். சிக்னல் தாங்காதென்று எல்லாரையும் கேமராவை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தாள். திரையில் பெயர்கள் மட்டும் தெரியும்.

கேட்கத் தெரிந்தவர்கள் நிறையக் கேட்டார்கள். வகுப்பு கலகலவென்று நடந்தது. மற்றத் துறைக்காரர்கள்கூட போன் போட்டு இந்த முறையைப் பற்றி விசாரித்தார்கள்.

மாரிச்செல்வி என்ற மாணவி மட்டும் வாயே திறப்பதில்லை. ஒருநாள் வடிவாம்பிகை அவளைக் கூப்பிட்டாள்.

"வீடியோ பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்போ இந்தக் கணக்கைச் சொல்லு."

திரையில் அவள் பெயர் மட்டும் அப்படியே நின்றது.

"பார்க்காம வர்றதா இருந்தா வரவே வேண்டாம். மத்தவங்க நேரமும் வீணாகுது."

திரையிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. மறுநாளும் வரவில்லை. நெட் போயிருக்கும் என்று வடிவாம்பிகை நினைத்துக்கொண்டாள். பிறகு நினைக்கவும் மறந்துபோனாள்.

பல்கலைக்கழகம் திறந்தபோது மாரிச்செல்வி படிப்பை நிறுத்தியிருந்தாள். விசாரித்ததில், கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. வடிவாம்பிகை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள்.

பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தவள் பதறி எழுந்து நின்றாள்.

"நான் பொய் சொல்லலை மேடம். எல்லா வீடியோவும் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்."

"திரும்ப வந்து சேர்ந்துடும்மா. நான் பேசி ஏற்பாடு பண்றேன்."

மாரிச்செல்வி சிரித்தாள். "இனிமே மனசு ஒட்டாது மேடம். ஒரு டீ சொல்லட்டுமா?"

ஊர் திரும்பிய வடிவாம்பிகை வீட்டுக்குப் போகவில்லை. தன் ஆய்வுக்கு வழிகாட்டிய ஞானதாஸ் சாரைத் தேடி பாளையங்கோட்டைக்குப் போனாள். ஓய்வுபெற்று வருஷங்களாகியும் ஏதாவது தட்டுக்கெட்டுப் போனால் அவள் போய் நிற்கிற இடம் அது.

நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"நான் செஞ்ச முறையே தப்பா சார்?"

"முறைக்கு என்ன? நல்ல முறைதான்."

"புரியலைன்னா அவ கேட்டிருக்கணும் இல்லையா? கேட்கிறதுக்குன்னுதானே வகுப்பு நேரம் மொத்தத்தையும் ஒதுக்கி வெச்சேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிக் கொடுத்திருப்பேனே."

ஞானதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வீடியோ ஒண்ணைப் போடு, பார்ப்போம்."

வடிவாம்பிகை போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தாள். போனில் அவள் குரல் தெளிவாக, தடங்கலில்லாமல் ஓடியது. அவர் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. உதடு ஏதோ முணுமுணுத்து நின்றது.

வடிவாம்பிகை சட்டென்று கையை நீட்டி வீடியோவை நிறுத்தினாள். பக்கத்தில் கிடந்த காகிதத்தை இழுத்தாள்.

"இந்த வரியிலேர்ந்து அடுத்த வரி எப்படி வந்துச்சுன்னு சொல்லாம தாண்டிட்டேன் சார். நடுவிலே ஒரு படி இருக்கு. இப்போ பாருங்க..."

எழுதிக் காட்டினாள். அவர் தலையசைத்தார். அவள் பேனாவை மூடினாள்.

"நல்லாப் புரியுதும்மா" என்றார் ஞானதாஸ். "ஆனா நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்கலையே."