சூடு பார்த்த கோழியும் நான்கு தோப்புச் சபையும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் நாத்தனார் வீட்டுக்காரர் அருளப்பன் அண்ணன். அந்தமான் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். என் இளைய மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பந்தி முடிந்து அண்டா கழுவிக்கொண்டே சொன்னார். அந்த மகனுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. கர்த்தர் கிருபையால் கதை எனக்கு மறக்கவில்லை.

கடல் நடுவில் ஒரு தீவு. தீவின் நடுவில் ஒரு நெருப்பு மலை. மலையைச் சுற்றி நான்கு தோப்புகள். கிழக்குத் தோப்புக்குக் காட்டுப்பன்றி தலைவர். தெற்கே முதலை, மேற்கே குரங்கு, வடக்கே உடும்பு.

முன்னொரு காலத்தில் மலை வெடித்துப் பாதித் தீவு கருகிப் போனதாம். அதற்குப் பிறகு நான்கு தலைவர்களும் சேர்ந்து, மலைக் காவல் கூட்டுச் சபை என்று ஒன்றைத் தொடங்கின. நல்ல காரியம்தான். ஆனால் முதல் நாளே ஒரு விதி போட்டன. ஒரு தோப்பில் கண்ட அடையாளத்தை அடுத்த தோப்புக்காரரிடம் நேராகச் சொல்லக்கூடாது. தன் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். தலைவர் அதைச் சபையில் சொல்வார். சபை மாதத்துக்கு ஒருமுறை கூடும்.

"வீணா பயம் பரவக்கூடாது பாருங்க," என்றது குரங்கு.

கிழக்குத் தோப்பில் ஒரு கோழி இருந்தது. அது அடை காக்காது. மலையடிவாரத்து வெதுவெதுப்பான மண்ணைக் குவித்து, அதற்குள் முட்டையைப் புதைத்து வைக்கும் ஜாதி. தினமும் அலகை மண்ணுக்குள் விட்டுச் சூடு பார்க்கும்.

ஒருநாள் மண் வழக்கத்தைவிடச் சுட்டது. கோழி தன் எட்டு முட்டைகளையும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தது. மறுநாள் அந்த இடமும் சுட்டது. மூன்றாம் நாள் மேல்மண்ணே சுட்டது. இனி ஏற்றி வைக்க இடமில்லை.

அன்றைக்குச் சபை கூடும் நாள். கோழி பன்றியிடம் ஓடியது. "சரி, நீயே வந்து சொல்லு," என்று பன்றி அதைக் கூட்டிப் போனது.

"மண்ணு சுடுதுங்கய்யா. முட்டை வெந்துபோகும்," என்றது கோழி.

"எவ்வளவு சூடு?" என்று கேட்டது முதலை.

"நேத்து அலகு தாங்குச்சு. இன்னைக்குத் தாங்கல."

"அலகா? எங்க தோப்புல வாலாலதான் சூடு பார்ப்போம். வால் கணக்குல சொல்லு."

"எனக்கு அம்மாம்பெரிய வால் இல்லைங்களே."

"அப்போ எழுதிக்கோங்க. சூடு தெரியவில்லை."

உள்ளங்கைக் கணக்குதான் சரி என்றது குரங்கு. மூக்குக் கணக்குக்கு ஈடு எதுவுமில்லை என்றது பன்றி. நாக்கை விட்டுவிட்டீர்களே என்று கோபித்துக்கொண்டது உடும்பு. மத்தியானம் வரை இதே பேச்சு. கடைசியில், பொது அளவு ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைத்தன. அறிக்கை அடுத்த மாதம். அப்புறம் பலாப்பழ விருந்து.

கோழி அழுதபடி ஓடைக்கரைக்கு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் தெற்குத் தோப்பு. அங்கே தேங்காயையே உரித்துத் தின்கிற பெரிய நண்டு ஒன்று நின்றது.

"என்ன கோழியக்கா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"சொல்லக்கூடாதுண்ணே. விதி இருக்கு."

"எனக்கும் அதே விதிதான். ஆனா எங்க ஊத்துத் தண்ணி மூணு நாளா கொதிக்குது. முதலை ஐயாகிட்ட சொன்னேன். இடுப்புக்கு இதமா இருக்கு, வாயை மூடுன்னுட்டார்."

மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வடக்குத் தோப்பு வௌவால் கண் விழித்தது. "கோவிச்சுக்காதே அக்கா, எங்க குகையிலயும் மூணு நாளா கூமுட்டை நாத்தம். உடும்புகிட்ட போய்ச் சொன்னா, என்னைக் குளிச்சிட்டு வரச் சொல்றார்."

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மூன்று தோப்பிலும் அதே மூன்று நாள். அதற்குமேல் எந்த அளவும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

வௌவால் நான்கு தோப்பிலும் பறந்து குரல் கொடுத்தது. அணில், ஓணான், தவளை எல்லாம் குஞ்சு குட்டிகளோடு கடற்கரைக்கு ஓடின. நண்டு கோழியின் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கில் ஏந்திக் கொண்டுவந்தது. வெயிலில் காய்ந்த கடல் மணலில் கோழி குழி பறித்துப் புதைத்தது.

ஆறாவது முட்டையை வைத்தபோது மலை வெடித்தது.

கோழி திரும்பி ஓடப் பார்த்தது. நண்டு அதன் இறக்கையைப் பிடித்துக்கொண்டது. "வேண்டாம் அக்கா. இந்த ஆறுக்குத் தாய் வேணும்."

பலாச்சுளையில் சாம்பல் விழுந்தபோதும் தலைவர்கள் எழுந்திருக்கவில்லை. இது வெடிப்பா, வெறும் ஏப்பமா என்று பேசிக்கொண்டிருந்தன. நெருப்புக் கல் பக்கத்தில் விழுந்த பிறகுதான் ஓடிவந்தன. முதலைக்கு வால் பாதி பொசுங்கியிருந்தது.

"இப்ப வால் கணக்கு என்ன சொல்லுதுங்கய்யா?" என்று கேட்டது நண்டு. முதலை பொசுங்கிய வாலைக் கடல் தண்ணீரில் முக்கியது.

மறுநாள் காலை கடற்கரையிலேயே சபை கூடியது. சபையின் அயராத உழைப்பால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஒரு தீர்மானம். விதியை மீறிய மூவருக்கும் கண்டனம் என்று இன்னொரு தீர்மானம். கைதட்ட ஆளில்லை. மற்றவை எல்லாம் மணல்மேட்டைச் சுற்றி நின்று, "இன்னைக்குச் சூடு எப்படி அக்கா?" என்று கோழியைக் கேட்டுக்கொண்டிருந்தன. நாளாக ஆக ஆறு குஞ்சுகளும் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன.

ஒரே ஆபத்துக்கு அடியில் குடியிருப்பவர்கள், தாங்கள் கண்டதைப் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லாவிட்டால், எத்தனை பெரிய சபை கூட்டினாலும் அது வெறும் பந்திதான்.

உங்கள் எதிர்வீட்டுக்காரர் பெயர் உங்களுக்குத் தெரியாதென்றால், இன்றைக்கு ஒரு எட்டு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.