சுழல்மாயனுக்குச் சோறு போட்டவள்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், ஆற்றுக்கும் காது இருந்த காலத்தில், தெளியாற்று நாட்டில் மரிக்கொழுந்து என்றொருத்தி ராஜாவின் படகில் துடுப்புப் போட்டாள். பன்னிரண்டு வருஷ வேலை. ஆற்றிலுள்ள ஒவ்வொரு பாறையும் அவளுக்கு அத்துப்படி. வாயைத் திறக்கத்தான் தயக்கம்.

அந்தப் படகில் ஒரு வேடிக்கை நடக்கும். சுக்கான் பிடிக்கும் தலைமை ஓடக்காரர் வீரபாகுவுக்குப் பக்கத்தில்தான் அவள் உட்காரும் பலகை. "அண்ணே, இடப்பக்கம் திருப்புங்க" என்று முணுமுணுப்பாள். "இடப்பக்கம்!" என்று அவர் ஊரே கேட்கக் கத்துவார். பாராட்டெல்லாம் அவருக்கு.

தலைமைப் பதவி காலியானால், வேண்டுமென்பவர் படித்துறையில் நின்று, "இந்தப் படகை நான் ஓட்டுவேன்" என்று மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். அதுதான் அந்நாட்டு வழக்கம். மூன்று தடவை பதவி காலியானது. மூன்று தடவையும் மரிக்கொழுந்து படித்துறை வரை போனாள். முதல் தடவை, 'இன்னும் கொஞ்சம் கத்துக்கலாம்' என்று திரும்பினாள். இரண்டாம் தடவை, 'யாராவது சிரிச்சுட்டா?' என்று திரும்பினாள். மூன்றாம் தடவை, 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று திரும்பினாள். வீரபாகு பதவிக்கு வந்தது அந்தத் தடவைதான். சொல்லும்போதே எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது.

ஒரு நாள் காலை, ராஜாவும் ராணியும் கைக்குழந்தையோடு அக்கரைக்குப் புறப்பட்டார்கள். நடு ஆற்றில் தண்ணீர் சுழன்றது. சுழலுக்குள்ளிருந்து பனைமர உயரத்துக்கு ஒரு மாயன் எழுந்தான்.

"வாம்மா மரிக்கொழுந்து! ஊரார் சொல்லாமல் விட்ட சொல்லெல்லாம் எனக்குச் சோறு. அதிகம் போட்டவள் நீதான். உன் தயவில் படகையே விழுங்குமளவுக்கு வளர்ந்துவிட்டேன்!"

படகு கிறுகிறுவென்று சுற்றியது. "அண்ணே, வலப்பக்கம்" என்றாள், வழக்கம்போல மெதுவாக. ஆற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

"என்ன சொல்றே? என்ன சொல்றே?" என்று வீரபாகு பதறினார்.

குழந்தை வீறிட்டது. மரிக்கொழுந்து எழுந்து நின்றாள். முதல் முறையாக ஊரே கேட்கக் கத்தினாள்.

"இந்தப் படகை நான் ஓட்டுவேன்!"

பனைமரமாய் நின்ற மாயன் ஆள் உயரத்துக்குக் குறைந்தான்.

"இந்தப் படகை நான் ஓட்டுவேன்!"

ஆள் உயரம் குடத்தளவு ஆனது. வீரபாகு சுக்கானை அவளிடம் நீட்டினார். "பிடி தாயி. இத்தனை நாளும் நீதானே ஓட்டினே."

அவள் சுக்கானை வலப்பக்கம் திருப்பினாள்.

"இந்தப் படகை நான் ஓட்டுவேன்!"

மாயன் நீர்க்குமிழியாகி, பொட்டென்று உடைந்தான்.

அவன் தின்ற சொற்களெல்லாம் விடுபட்டு, சொல்லாமல் விட்டவர் குரலிலேயே கரையெங்கும் ஒலித்தன. "மகாராணி, பாயசத்துல இனிப்பு பத்தலை, இனிமே நான் வைக்கிறேன்" என்றது சமையல்கட்டுப் பொன்னியின் குரல். "கோட்டைச் சுவர் சாயுது, நிமிர்த்த எனக்குத் தெரியும்" என்றது கொத்தனார் குரல். ராஜா சிரித்துக்கொண்டே ஒன்று விடாமல் கேட்டார். வேலை வேண்டுமென்ற குரல்களுக்கு உரியவர்களுக்கெல்லாம் அந்தந்த வேலையைக் கொடுத்தார்.

மரிக்கொழுந்து தலைமை ஓடக்காரியானாள். அவளுடைய பழைய பலகையில் வீரபாகு மனநிறைவோடு உட்கார்ந்தார். மறுநாள் அவள் பக்கம் சாய்ந்து, "தாயி, முன்னால ஒரு பாறை" என்று முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. மறுபடியும் அந்த மாயனுக்குச் சோறு போடப் போறீங்களா?"

அவர் கத்தினார். படகு கரை சேர்ந்தது, கதையும் கரை சேர்ந்தது.