பாயசத்துக்கு வயசில்லை

கோயம்புத்தூர் ஓட்டல் பாரில் மது ஊற்றும் சூசை வயதைப் பார்க்க அடையாள அட்டை கேட்டதும், மில் முதலாளி வெள்ளியங்கிரி மேசையைத் தட்டினார்.

"மீசை முளைச்ச என் மகனுக்கா அட்டை? இருபத்தொண்ணு ஆச்சுன்னு நானே சொல்றேன். ஊத்து, இல்லேன்னா உன் வேலை போயிரும்!"

சூசை பணிவாகக் குனிந்தான். "அட்டையே வேண்டாமுங்க. வீட்டுல அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, ஊத்திடறனுங்க."

அவ்வளவுதானா என்று வெள்ளியங்கிரி பார் முழுக்கக் கேட்கும்படி மனைவிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். "நம்ம பையனுக்கு என்ன வயசு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! இன்னிக்குத்தான பத்தொன்பது முடியுது? பாயசம் வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், புள்ளையைக் கூட்டிட்டு வாங்க."

பாரே சிரித்தது. மகன் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் வெள்ளியங்கிரி திரும்பினார். "பாயசத்துக்கும் வயசு கேப்பியாடா?"

"அதுக்கு வயசில்லீங்க. ஆறிடாமப் போய்ச் சேருங்க, போதும்."